சனிக்கிழமையைச் சீட்டில் வைத்தவர்கள்

கையில் இரண்டு கிங் வந்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும் என்கிறார்கள். எனக்கு வராது. இப்போதும் வீட்டில் யாராவது சீட்டு விளையாடக் கூப்பிட்டால், அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுவேன். நான் சூதாடிச் சொத்தைத் தொலைத்தவள் அல்ல. ஒரு சதம்கூட வைத்து விளையாடியதில்லை. நான் வைத்து விளையாடியது சனிக்கிழமைகளை.

சமாதான காலம் என்று எல்லோரும் சொன்ன அந்த வருடங்களில் நெடுந்தீவில் படிப்பித்தேன். ஆசிரியர் விடுதியில் நாங்கள் நான்கு பெண்கள்: கணித ரீச்சர், விஞ்ஞான ரீச்சர், மனையியல் ரீச்சர், நான். திங்கள் காலைப் படகில் வந்து, வெள்ளி பின்னேரப் படகில் அக்கரைக் குறிகட்டுவானுக்குத் திரும்புவோம். அங்கிருந்து நான் பஸ் பிடித்து மண்கும்பானில் இறங்குவேன். மண்கும்பானில் என் தங்கையின் வீடு. அந்த வீட்டில் என் மகள், இரண்டரை வயது. அவளுடைய அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. என் வாழ்க்கை வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு முடிந்துவிடும். மிச்ச நாட்களில் படிப்பித்தேன், சம்பளம் எடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த வருடம் அதிபர் ஒரு முடிவெடுத்தார். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. அதுவரை சனிக்கிழமைகளிலும் வகுப்பு நடக்க வேண்டும், விடுதியில் இருப்பவர்களில் ஒருவர் நின்றால் போதும். "ஆர் நிக்கிறதெண்டு உங்களுக்குள்ள தீர்மானியுங்கோ. எனக்கு ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் போனார். சனிக்கிழமை நின்றால் ஞாயிற்றுக்கிழமையும் போனமாதிரித்தான். அந்த நாட்களில் ஞாயிறு படகை நம்பி யாரும் பெட்டி கட்டுவதில்லை.

முதலில் முறை வைத்தோம். முறை மூன்று கிழமைகூடத் தாங்கவில்லை. ஒருவருக்குத் திவசம், ஒருவருக்குக் கலியாணவீடு, ஒருவருக்குக் காய்ச்சல். என் மகளுக்கு வாராவாரம் ஏதாவது ஒரு நோய்வருத்தம் வரும். பாதி உண்மை, பாதி நான் வரவழைத்தது. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காமல் சோறு தின்னும் நிலைக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் கணித ரீச்சர் சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

கணித ரீச்சர்தான் எங்களில் இளையவள், யாழ்ப்பாண நகரத்துப் பெண், வாய்க்காரி. அவளுடைய அண்ணன் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்து நின்றபோது போக்கர் பழக்கிவிட்டுப் போயிருந்தார். அதுவரை எங்களுக்குத் தெரிந்தது முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் மட்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து விளையாட வேண்டும், தோற்பதும் இரண்டு பேர். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தோற்றவள். போக்கரில் யாருக்கும் யாரும் கூட்டில்லை.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர்களுக்குக் காட்டாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விழும். கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்துப் பெரிய சோடி காட்டுகிறவர் வைத்ததையெல்லாம் எடுப்பார், பயந்தவர் முன்னமே சீட்டை எறிந்துவிட்டு விலகலாம். பந்தயத்துக்கு எல்லை கிடையாது, விரும்பினால் இருப்பதையெல்லாம் ஒரே தரத்தில் தள்ளிவிடலாம். காசுக்குப் பதில் கரையில் பொறுக்கிய சோழிகள், எங்கள் பேச்சில் சோகிகள், ஆளுக்கு முப்பது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்க முன்னமே ஒன்றும் இரண்டுமாகச் சோகி போட வேண்டும். அதனால் சும்மா குந்தியிருந்தாலும் கை கரைந்துகொண்டே போகும். வியாழன் பள்ளி விட்டு, சோறு தின்று, மூன்று மணிக்குத் தொடங்குவோம். யாருடைய சோகி முதலில் முடிகிறதோ அவர் சனிக்கிழமை நிற்பார். மற்ற மூன்று பேருக்கும் படகு.

முன்னூற்றிநாலில் தோற்றவர்கள் காதில் கேலிக்குக் குணுக்கு மாட்டித் தொங்கவிடுவது வழக்கம். முதல் நாள் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைக் குணுக்கென்று எடுத்துவைத்துச் சிரித்தோம். அன்று ஆட்டம் முடிந்தபோது அந்தக் கிளிப்பை ஒருவரும் தொடவில்லை.

முதல் வியாழனே தோற்றவள் நான். எப்படித் தோற்றேன் என்பதைச் சொன்னால் வெளியூர்க்காரருக்குச் சிரிப்பு வரும். முன்னூற்றிநாலில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிய சீட்டு, அதை வீறு என்போம். அதற்கு அடுத்தது ஒன்பது, பிறகுதான் ஆசு. கிங்கும் குயினும் அடியில் கிடக்கிற சில்லறைகள். போக்கரில் ஆசு முதல், பிறகு கிங், குயின், அதற்கும் கீழேதான் ஜாக். கணித ரீச்சர் இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். எனக்கும் மனப்பாடம். ஆனால் பத்து வயதிலிருந்து வீறைக் கண்டால் நிமிர்ந்து உட்கார்ந்த உடம்பு அந்தத் தாளையா பார்க்கும்? இரண்டு வீறு ஒன்றாகக் கையில் வந்ததும் முப்பது சோகியையும் தள்ளினேன். கணித ரீச்சர் இரண்டு குயினை மெதுவாகத் திருப்பி வைத்தாள். ஒரு நொடி, வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் "அக்கா, தாளைப் பாருங்கோ" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது.

இரண்டாவது வியாழன் எனக்கு இரண்டு கிங் வந்தது. இந்த முறை பயம். கணித ரீச்சர் தன் கனடா அண்ணன் சொன்ன விதியை எங்களுக்கும் சொல்லியிருந்தாள்: பெரிய சோடி வந்தால் பொத்திப்பொத்தி வைத்திருக்காதே, பெரிதாகப் போட்டுச் சில்லறைச் சீட்டுக்காரரை எழுப்பிவிடு. போன கிழமை பெரிதாகப் போட்டு வாங்கிக் கட்டியவள் நான். ஆகவே இரண்டு சோகியோடு பேசாமல் இருந்தேன். எல்லோரும் மலிவாக உள்ளே வந்தார்கள். மனையியல் ரீச்சரிடம் ஐந்தும் ஆறும். நடுவில் ஒரு ஐந்து விழுந்தது, பிறகு ஒரு ஆறும் விழுந்தது. சின்னதானாலும் இரண்டு சோடி ஒரு கிங் சோடியை வென்றுவிடும். அவள் கூட்டக் கூட்ட நான் பின்னால் போட்டுக்கொண்டே போனேன். தோற்கிறேன் என்று தெரிகிறது, கிங்கை விடவும் மனம் வரவில்லை. கடைசிச் சோகி போனபோது வெளியே இன்னும் வெயில் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் சீட்டுக்கட்டில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. முன்னூற்றிநாலுக்கு ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகள் தேவையில்லை. அவை வருடக்கணக்காகப் பெட்டியிலேயே கிடந்து புதுசு கெடாமல் இருந்தன. ஏழும் அதற்கு மேற்பட்டவையும் கைபட்டுக் கறுத்து ஓரம் மழுங்கியிருந்தன. முதுகைப் பார்த்தாலே ஒருவர் கையில் பெரிய சீட்டா சின்னச் சீட்டா என்று பாதி தெரிந்துவிடும். அதனால் நாங்கள் சீட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு விளையாடினோம். பெரிய சோடி வந்தவள்தான் இன்னும் இறுக்கிப் பொத்துவாள், அதிலேயே பிடிபடுவாள். வேறு கட்டு வாங்கத் தீவில் கடையில்லை. நகரத்தில் வாங்கிவருகிறேன் என்று வாராவாரம் சொன்ன கணித ரீச்சர் வாராவாரம் மறந்தாள்.

மூன்றாவது வியாழன் நான் ஒரு சீட்டும் விளையாடவில்லை. வந்ததையெல்லாம் எறிந்தேன். எட்டுச் சோகி மிஞ்சியிருந்தபோது கணித ரீச்சர் தன் கெட்டித்தனத்தால் தானே கவிழ்ந்தாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன்.

மகள் வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் என்று படகில் வரும்போதே கையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திரும்பி உள்ளே ஓடி என் தங்கையின் சீலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ரீச்சர் வந்திட்டா" என்றாள்.

தங்கை பாவம், அழுதுவிட்டாள். "நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா. ஆரும் உன்னைப் பற்றிக் கேட்டால் ரீச்சர் தீவில எண்டு சொல்லுவன், அதைப் பிடிச்சிட்டாள்" என்றாள். அவளைக் கோபித்து என்ன செய்ய? சோறு தீத்தி வாய் துடைக்கிறவளைத்தானே பிள்ளை அம்மா என்று கூப்பிடும். ஆனாலும் அன்று இரவு என் சொந்தத் தங்கையை நான் வெறுத்தேன். அதை ஒளிப்பதற்கில்லை. மகள் அவளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். நான் வந்த விருந்தாளி மாதிரி மற்றக் கட்டிலில் கிடந்தேன்.

திங்கட்கிழமை விடுதியில் இதைச் சொல்லி அழுதேன். மூன்று பேரும் கேட்டார்கள். விஞ்ஞான ரீச்சர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகன் யாழ்ப்பாணத்தில் பள்ளி விடுதியில் நின்று பத்தாம் வகுப்புப் படித்தான். அந்த விடுதியில் தாய் தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாமென்றால் சனிக்கிழமை காலை மட்டும்தான். அக்காவுக்கும் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான்.

அந்த வியாழன் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போது, இன்றைக்கு எட்டும் மூன்றும் வந்தால் எறிவேன், பத்துச் சோடி வந்தால் என்ன செய்வேன் என்று மனம் தன்பாட்டில் சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு தரம் சிரித்தார்கள், ஏனென்று தெரியவில்லை. இன்னும் ஒரு சனிக்கிழமை போனால் அவள் என்னை அடியோடு மறந்துவிடுவாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பைத்தியக்கார நினைப்பு என்று இப்போது சொல்லலாம். அன்று யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

வியாழன். மூன்று மணி. காற்றில் சீட்டுப் பறக்காமல் யன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை, போட்டுப் போட்டே பதினெட்டுச் சோகிக்கு இறங்கிவிட்டேன். பிறகு கையை விரித்தேன். கிங். அதற்குப் பின்னால் இன்னொரு கிங்.

எறிந்தால் இன்று ஒருவேளை தப்பலாம், எனக்கு முன் வேறு யாராவது முடியலாம். கனடா அண்ணனின் விதி வெல்ல விரும்புகிறவனுக்கான விதி. எங்களுக்கு வெற்றி வேண்டாம், முதலில் சாகாமல் இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் கிங்கைக்கூட எறியலாம். ஆனால் இன்னும் ஐந்தாறு சுற்று இப்படியே போனால் கை வெறுமையாகி, கடைசியில் ஏதோ ஒரு நாலையும் ஒன்பதையும் நம்பி விழ வேண்டிவரும். வைத்தாலும் பயம், எறிந்தாலும் பயம். நான் சீட்டை இறுக்கிப் பொத்துவதை மூன்று பேரும் பார்க்கிறார்கள் என்றும் தெரிந்தது.

"முழுக்க வைக்கிறன்" என்று பதினெட்டையும் தள்ளினேன். குரல் என் குரலாக இல்லை.

கணித ரீச்சர் உடனே எறிந்தாள். மனையியல் ரீச்சரும் எறிந்தாள். அக்கா எறியவில்லை.

அவரிடம் இருபது சோகி இருந்தது. அவரும் போட்டு நான் தோற்றால் சனிக்கிழமை எனக்கு. நான் வென்றால் அவருக்கு இரண்டே இரண்டு சோகி மிஞ்சும், அதுவும் முடிந்த கதைதான். உள்ளங்கைக்கு வெளியே தெரிந்த சீட்டின் ஓரங்களைப் பார்த்தேன். இரண்டும் கறுத்த, மழுங்கிய ஓரங்கள். பெரிய சீட்டுகள். அக்கா தன் சீட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் சீட்டைப் பார்த்தார். இவ்வளவு நேரம் எடுத்து அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்தியும் வைத்தேன். சீட்டு விளையாட்டுக்கு நேர்த்தி வைத்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"நீர் எடும்" என்று சொல்லிவிட்டு அக்கா சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார்.

அடுத்ததாகச் சீட்டுப் போடுவது என் முறை. நடுவில் கிடந்ததை ஒன்றாகக் கூட்டினேன். அக்காவின் இரண்டு சீட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாகக் கிடந்தன. கூட்டும்போது என் கைக்குள் திரும்பின. இரண்டு ஆசு.

யாரும் பார்க்கவில்லை. கட்டுக்குள் செருகிக் கலக்கினேன். கலக்கிக்கொண்டே இருந்தேன். கணித ரீச்சர் என்னைப் பார்த்து, "அக்கா, மா பிசையிறியளோ, போடுங்கோ" என்றாள். அரை மணித்தியாலத்தில் அக்காவின் சோகி வேறொரு ஆட்டத்தில் முடிந்தது. "சரி, இந்தக் கிழமை நான்" என்று எழுந்து போய் உடுப்பு எடுத்தார்.

இரண்டு விதமாக யோசித்தேன், இரண்டையும் விடவில்லை. ஒன்று, அவர் பழைய முன்னூற்றிநாலுக்காரி. அங்கே ஆசு மூன்றாம் இடம். இரண்டு வீறைப் பெரிதென்று நம்பி நான் விழுந்தமாதிரி, ஆசுச் சோடியைச் சின்னதென்று நம்பி அவர் எறிந்திருக்கலாம். மற்றது, அவருக்கு எல்லாம் தெரியும். என் பதினெட்டுச் சோகியையும் என் சனிக்கிழமையையும் வாரி எடுக்கலாம் என்று தெரிந்தே எறிந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிழையென்றால் என் அதிட்டம் என்று இருந்துவிடலாம். தெரிந்து செய்ததென்றால் நான் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை துறைக்கு அக்காவும் வந்தார். மகனிடம் கொடுக்கச் சொல்லிக் கணித ரீச்சரிடம் ஒரு பார்சல் கொடுத்தார். படகில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "போய்ப் பிள்ளையோட இரும். என்ர பெடியன் வளந்தவன். ஒரு மாதம் கழிச்சுப் போனாலும் அவனுக்கு என்னைத் தெரியும்" என்றார்.

கடல் முழுக்க அந்த வார்த்தை என்னோடு வந்தது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை நான் வீணாக்கவில்லை. மகளோடு மணலில் வீடு கட்டினேன், குளிப்பாட்டினேன், தங்கையை அயலுக்குப் போகச் சொல்லிவிட்டு நானே சோறு தீத்தினேன். ஞாயிறு மத்தியானம் நித்திரை வந்தபோது என் கையில் தலையை வைத்துக்கொண்டு, அரைக்கண்ணில், "அம்மா, கதை" என்றாள். என் தங்கை அறையில் இல்லை. என்னைத்தான் கேட்டாள்.

அடுத்த வியாழன் எனக்குச் சீட்டு கொட்டியது. ஐந்து மணிக்குள் நாற்பத்தைந்து சோகி என் பக்கம். அக்காவிடம் பதினொன்று. அவர் அதை முழுக்கத் தள்ளினார். மற்ற இருவரும் எறிந்தார்கள். நான் கையை விரித்தேன். இரண்டு குயின்.

இந்த முறை எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. தோற்றாலும் முப்பத்துநாலு மிஞ்சும். எறிந்தாலும் ஒன்றும் குறையாது. எறிந்தால் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார், யாருக்கோ சனிக்கிழமை போகும். யாருக்கென்று தெரியாது. எனக்காகவும் இருக்கலாம். அந்த ஒரு நினைப்புத்தான். அவர் போன கிழமை மகனைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு ஆசும் என் கண்ணுக்கு முன்னால் நின்றன. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சோகிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற ஆளாக இருந்தால் ஒருவேளை எறிந்திருப்பேன்.

"வாறன்" என்று பதினொரு சோகியை எண்ணி வைத்தேன்.

அவர் இரண்டு ஒன்பதைத் திருப்பினார். நடுவில் விழுந்த ஐந்து சீட்டிலும் அவருக்கு உதவ ஒன்றும் இல்லை. "ஒன்பதெல்லோ, பெரிசெண்டு நம்பிப் போட்டன்" என்று சிரித்தார். என் மனம் அதை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது. பார், அவர் இன்னும் முன்னூற்றிநாலுக் கணக்கில்தான் இருக்கிறார், போன கிழமையும் பிழையாகத்தான் எறிந்திருப்பார். பதினொரு சோகி மிஞ்சிய யாரும் ஒன்பதுச் சோடி வந்தால் முழுக்கத் தள்ளத்தான் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அப்போது யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவில்லை.

"நல்லா விளையாடுறீர் இப்ப" என்றார் அக்கா. நக்கல் இல்லை. அவருக்கு நக்கல் வராது.

வெள்ளிக்கிழமை அவர் துறைக்கு வரவில்லை. நான் போனேன், மகளோடு இருந்தேன், அந்தச் சனிக்கிழமையும் நன்றாகத்தான் போனது. திங்கள் காலை விடுதிக்கு வந்தபோது அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்து, "பிள்ளை சுகமோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து தாய் வராத அந்தப் பெடியன் விடுதி வாசலில் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.